வலையமைப்புக் கோப்புச் சேவையகமும் கோப்புப் பண்புகளும்

கோப்பின் உள்ளடக்கம் வேறு, கோப்பைப் பற்றிய விபரங்கள் வேறு. வகை, பருமன், இலக்கம், இறுதியாகத் திருத்தப்பட்ட நேரம் முதலிய விபரங்கள் கோப்புப் பண்புகள் எனப்படும். கோப்பு சேவையகம் ஒன்றில் இருக்கும்போது இப்பண்புகளையும் வலையமைப்பினூடாகவே பெறவேண்டும். இதற்கென சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984 இல் உருவாக்கிய நடப்பொழுங்கு என்.எவ்.எஸ். ஆகும்.

1995 இல் வெளியான மூன்றாம் பதிப்பில் பண்புகள் யாவும் மாறாத ஒழுங்கில் 84 பைற்றுகளாக அனுப்பப்படும். நான்காம் பதிப்பில் அவ்வாறன்று. அங்கு ஒவ்வொரு பண்புக்கும் ஓர் இலக்கம் உண்டு. வகை 1, பருமன் 4, காப்பக அடையாளம் 14, கோப்பிலக்கம் 20. சேவைபெறுநர் தனக்கு வேண்டிய பண்புகளுக்குரிய பிற்றுகளை மட்டும் 1 ஆக்கி அனுப்பும். மேற்கூறிய நான்கையும் கேட்பின்:

2¹ + 2⁴ + 2¹⁴ + 2²⁰ = 2 + 16 + 16384 + 1048576 = 1064978

சேவையகம் மறுமொழியில் முதலில் தனது பிற்று வரிசையையும், அடுத்துப் பெறுமானங்களை இலக்கங்களின் ஏறுவரிசையிலும் அனுப்பும். பெறுமானங்களுடன் பண்பின் பெயர் எதுவும் செல்வதில்லை என்பதை நன்கு கவனிக்க. எந்தப் பைற்று எதற்குரியது என்பதை அறியப் பிற்று வரிசையே ஒரே வழி.

காப்பக அடையாளத்தை ஆதரிக்காத ஒரு சேவையகத்தைக் கருதுவோம். அது கேட்கப்பட்ட 1064978 ஐ அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, மற்றைய மூன்று பெறுமானங்களை மட்டும் அனுப்புகின்றது: வகை 4, பருமன் 8, கோப்பிலக்கம் 8, மொத்தம் 20 பைற்றுகள். சேவைபெறுநர் வகையையும் பருமனையும் சரியாக வாசிக்கும். பின்னர் கோப்பிலக்கத்தின் முதல் 4 பைற்றுகளைக் காப்பக அடையாளமாகக் கொள்ளும். எஞ்சுவது 4 பைற்றுகளே. கோப்பிலக்கத்துக்கு 8 தேவை. வாசிப்பு வழுவில் முடியும். இதுவாவது வெளியே தெரியும் வழு. பின்னால் வேறொரு 4 பைற்றுப் பண்பும் வந்தால் கோப்பிலக்கம் பிழையான எண்ணாக வாசிக்கப்படும்; அது உடனே தெரியவராது.

திருத்தம் எளிது. கேட்கப்பட்ட பிற்றுகளையும் ஆதரிக்கப்படும் பிற்றுகளையும், தருக்கப் படலைகளில் கற்ற ‘உம்’ செய்கைக்கு உட்படுத்த வேண்டும். 14 ஆம் பிற்று 0 ஆகி 1048594 கிடைக்கும். எனினும் ஆதரவுப் பட்டியலே பிழையானால் இதுவும் பயன்தராது. ஒவ்வொரு பெறுமானத்தையும் எழுதிய பின்னரே அதற்குரிய பிற்றை 1 ஆக்குவது இதனிலும் பாதுகாப்பானது.

பண்பை மாற்றும் கோரிக்கைக்கு விதி வேறு. ஆதரிக்கப்படாத பண்பை மாற்றக் கேட்டால் சேவையகம் மௌனமாக விடலாகாது. வழுக்குறியை அனுப்புதல் வேண்டும். அன்றேல் மாற்றம் நிகழ்ந்துவிட்டதாகப் பயனர் நம்பிவிடுவார்.

பயிற்சி: 1, 4, 14 ஆகிய பண்புகள் மட்டும் கேட்கப்பட்டால், மேற்படி சேவையகத்தின் சரியான பிற்றுப் பெறுமானமும் பெறுமானங்களின் மொத்த நீளமும் யாவை? (விடை: 18, 12 பைற்றுகள்)