'ஷாம்பிள்ஸ்' என்னும் சொல்

ஒரு செயல் முற்றிலும் சீர்கெட்டுப் போனதனை ஆங்கிலேயர் தம் பேச்சு வழக்கில் 'ஷாம்பிள்ஸ்' என்பர். அகராதியைப் புரட்டுவார்க்கோ அச்சொல்லின்கீழ்க் 'கொலைக்களம்' என்னும் பொருளும் காணப்படும். இவற்றுள் எதனைக் கொள்வது என மொழிபெயர்ப்போர் மயங்குவர். ஆதலின் அச்சொல் வந்த வழியை ஈண்டு நோக்குதல் வேண்டும்.

இலத்தீனில் 'ஸ்கம்னும்' என்பது விசிப்பலகை. அதன் சிறுமை வடிவம் செருமானிய மொழிகளிற் புகுந்து, பழைய ஆங்கிலத்தில் சிற்றிருக்கையைக் குறித்தது. செருமன் மொழியில் 'ஷேமெல்' என்பது இன்றும் அப்பொருளிலேயே நிற்கின்றது. ஆங்கிலத்தில் அது பண்டம் பரப்பும் பலகையாயிற்று. பின் இறைச்சி விற்கும் பலகை. பின்னர்ப் பன்மை விகுதியொடு இறைச்சிக் கடைத்தெரு. யார்க் நகரில் இப்பெயருடைய தெரு ஒன்று உளது. இறைச்சியைத் தொங்கவிட்ட கொக்கிகளைச் சில கடைகளின் முகப்பில் இன்றும் காணலாம். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியம் இச்சொல்லை அங்காடி என்னும் பொருளில் ஆள்கின்றது. எனினும் 16ஆம் நூற்றாண்டிலேயே அது விலங்குகளை அறுக்கும் இடத்தையும், அதன் வழியாக மாந்தர் வெட்டுண்டு கிடக்கும் களத்தையும் உணர்த்தத் தொடங்கிவிட்டது. சீர்குலைவு என்னும் பொருள் 20ஆம் நூற்றாண்டிற் பெருகியது.

இங்கே ஒரு விந்தை உண்டு. குருதியிற் பிறந்த அப்பொருள், இன்று குருதி சிந்திய இடத்தில் பொருந்துவதில்லை. வெள்ளத்தால் பலர் மாண்டனர் எனின், அம்மரணங்களை இச்சொல்லாற் கூறுவார் இரார். கூறின் கேட்போர் முகஞ்சுளிப்பர். வெள்ளத்திற்குப் பின் உணவு வழங்கிய முறை தாறுமாறாயின் அதனை இவ்வாறு தயங்காது கூறுவர். மாந்தரின் கவனக்குறைவும் திறமையின்மையும் இருத்தலே இன்றைய வழக்கின் உயிர்நாடி.

அரசியலார்க்கு இச்சொல் உவப்பாதல் இதனாலேயாம். 2009இல் ஒரு நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரில், 'எல்லாம்' எனப் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டைச் சேர்த்து 'ஆம்னிஷாம்பிள்ஸ்' என்றனர். 2012இல் எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபாண்டு, அரசின் வரவு செலவுத் திட்டத்தைச் சாடி அதனைப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் மொழிந்தார். ஆக்சுபோர்டு அகராதியாரும் அதனை அவ்வாண்டிற்குரிய சொல்லாகத் தேர்ந்தனர்.

ஈற்றிற் பன்மை விகுதி நிற்பினும் இச்சொல் ஒருமை அடையே ஏற்கும் என்பதும் கருதத்தக்கது.

தமிழில் இதனைப் 'பேரழிவு' எனப் பெயர்த்தல் மிகை. பழி எவர்மேலது என்பதும் மறைந்துவிடும். நிருவாகம் பற்றிய இடத்திற் 'குளறுபடி' என்பதும், கண்ணாற் காணும் சிதறலுக்கு 'அலங்கோலம்' என்பதும் இயைவன. 'கொலைக்களம்' என்பதைப் பழைய நாடகங்களை மொழிபெயர்ப்பார் கொள்க.