மனங்களைக் கேட்பவருக்கு நேரம் உண்டா?

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் செல்லும் பெற்றோர், ஆசிரியர்களின் தகுதி, தேர்வு முடிவுகள், விளையாட்டுத் திடல், பேருந்து வசதி ஆகிய அனைத்தையும் விசாரிக்கின்றனர். அண்மைக் காலமாக, "மாணவர்களுக்கு ஆலோசனை கூற உளவியல் கற்ற ஒருவர் இருக்கிறாரா?" என்ற கேள்வியும் எழுந்து வருகிறது. "இருக்கிறார்" என்ற விடை கிடைத்ததும் மனநிறைவோடு வீடு திரும்பிவிடுகிறோம். அவர் எத்தனை மாணவர்களுக்குப் பொறுப்பானவர், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், என்ன ஊதியம் பெறுகிறார், அடுத்த ஆண்டும் அதே பள்ளியில் இருப்பாரா என்பவற்றை நாம் கேட்பதில்லை. அவை நிர்வாகத்தின் உள்விவகாரங்கள் என எண்ணிவிடுகிறோம். ஆனால் நம் பிள்ளைக்கு உண்மையான உதவி கிட்டுமா என்பதை அக்கேள்விகளுக்கான விடைகளே தீர்மானிக்கின்றன. இத்தொழிலின் நூறாண்டு வரலாறே இதற்குச் சான்று.

பாதி நேரப் பணியாய்ப் பிறந்த தொழில்

1896ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்த பேராசிரியர் லைட்னர் விட்மரிடம் ஓர் ஆசிரியை தம் மாணவன் ஒருவனை அழைத்து வந்தார். எழுத்துக் கூட்டிப் பிழையின்றி எழுதுவது அச்சிறுவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. அவனுக்கு உதவ முற்பட்ட விட்மர், அதே ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் சிகிச்சைக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். பள்ளி உளவியல் என்னும் துறைக்கு வித்திட்டது அதுவே. 1915இல் கனெக்டிகட் மாநிலம் ஆர்னால்டு கெசல் என்பாரைப் பள்ளி உளவியலாராக நியமித்தது.

இங்கிலாந்தில் இதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1913இல், இலண்டன் கவுண்டி மன்றம் சிரில் பர்ட் என்பாரை உளவியலாராகப் பணியமர்த்தியிருந்தது. அது பாதி நேரப் பணி. அத்துணைப் பெரிய நகரின் பள்ளிகள் அனைத்துக்கும் ஒரே ஒருவர். அவரும் பாதி நேரத்துக்கே! பணி பெரிது, நேரம் சிறிது என்னும் குறை இத்தொழிலோடு உடன்பிறந்தது போலும்.

நாளடைவில் இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் பலவும் உளவியலார்களை நியமித்தன. அவர்களுடைய ஊதியத்தையும் பணி நிபந்தனைகளையும் பேசித் தீர்மானிக்க ஒரு குழு தேவைப்பட்டது. அக்குழுவுக்குச் சோல்பரி குழு என்று பெயர். இலங்கை வரலாறு அறிந்தோர்க்கு இப்பெயர் புதிதன்று. 1944இல் இலங்கையின் அரசியலமைப்பை ஆராயச் சென்ற ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கி, பின்னர் அந்நாட்டின் மகாதேசாதிபதியாக விளங்கிய அதே சோல்பரி பிரபுவின் பெயரால்தான் இக்குழுவும் வழங்குகிறது. உளவியலார் எந்த ஊரில் பணியாற்றினாலும் ஊதியத்துக்குப் பொதுவான அளவுகோல் உண்டு. அதை நிர்ணயிக்கும் மேசையில் வேலை தருவோரும் வேலை செய்வோரும் எதிரெதிரே அமர்ந்து பேசுகின்றனர். தனி மனிதர் தயவை எதிர்பார்த்து நிற்கும் நிலை இதனால் பெரிதும் நீங்கியது.

சட்டம் தந்த மதிப்பும் சுமையும்

1981ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இத்தொழிலுக்கு மேலும் மதிப்பளித்தது. தனிக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைக்கு எத்தகைய உதவி வேண்டும் என்பதை முறைப்படி தீர்மானிக்கையில், உளவியலாரின் கருத்தையும் கட்டாயம் பெற வேண்டும் என்பது விதியாயிற்று. 2006ஆம் ஆண்டிலிருந்து இப்பணிக்கான பயிற்சி மூன்றாண்டு முனைவர் பட்டப் படிப்பாக உயர்த்தப்பட்டது. 2009 முதல், அரசு ஏற்ற பதிவேட்டில் இடம்பெற்றவரன்றி வேறெவரும் கல்வி உளவியலார் என்று தம்மை அழைத்துக்கொள்ள இயலாது.

இவ்வளவு சிறப்புக்கும் ஒரு விலை இருந்தது. 2014ஆம் ஆண்டின் சட்டப்படி, பிள்ளைக்கான உதவித் திட்டம் முழுவதும் விண்ணப்பித்த 20 வாரங்களுக்குள் முடிவாக வேண்டும். உளவியலார் தம் அறிக்கையை 6 வாரங்களுக்குள் தர வேண்டும். பெற்றோரின் பார்வையில் இது நல்ல ஏற்பாடே. எனினும் விண்ணப்பங்கள் பெருகப் பெருக, உளவியலாரின் நாள் முழுவதும் அறிக்கை எழுதுவதிலேயே கழியலாயிற்று. வகுப்பறைக்குச் சென்று பார்ப்பது, ஆசிரியருக்கு வழி கூறுவது, சிறு துன்பம் பெருந்துன்பமாகுமுன் தலையிடுவது ஆகிய பணிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. எதற்காக இத்தொழிலுக்கு வந்தோமோ அதைச் செய்ய இயலவில்லையே என்று மனம் சலித்தவர்கள் உள்ளாட்சிப் பணியை விட்டுத் தனியே தொழில் நடத்தலாயினர். 2023இல் அந்நாட்டுக் கல்வித்துறை வெளியிட்ட ஆய்வில், பதிலளித்த உள்ளாட்சிகளுள் மிகப் பெரும்பான்மையானவை உளவியலார் பணியிடங்களை நிரப்ப இயலாமல் இடர்ப்படுவதாகத் தெரிவித்தன.

அமெரிக்காவிலும் இதே கதைதான். உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகள் அனைவருக்கும் கல்வி வழங்க வகை செய்த 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளி உளவியலார்களின் எண்ணிக்கை பெருகியது. அவர்கள் சோதனைத் தாள்களோடு மட்டும் உறவாடும் நிலையும் பெருகியது. 500 மாணவர்களுக்கு ஓர் உளவியலார் இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுப் பள்ளி உளவியலார் சங்கத்தின் பரிந்துரை. நாடு முழுவதற்குமான சராசரியோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

நம் நாட்டின் நிலை

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. எண்ணவே நெஞ்சம் நடுங்குகிறது. 2018இல் வகுக்கப்பட்ட மத்திய இடைநிலைக் கல்வி வாரிய விதிகள், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் முழு நேர ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்றன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் 300க்கும் குறைவான மாணவர் இருப்பின் பகுதி நேர நியமனம் போதும் என்றன. மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயின்றுவந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை வகுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ பயிலும் கல்வி நிலையங்கள், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலார், சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். சிறிய நிலையங்கள் வெளியிலுள்ள வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. அந்த அளவு இவ்வளவு என்று எண்ணிட்டுக் கூறவில்லை. ஊதியம், பணிக்காலம், தனியறை ஆகியவற்றைப் பள்ளிகளின் மனச்சாட்சியே நிறைவு செய்ய வேண்டியிருக்கிறது. பெயரளவுக்கு ஒருவரைத் தொகுப்பூதியத்தில் அமர்த்தி, ஆசிரியர் விடுப்பெடுத்த வகுப்புகளுக்கு அவரை அனுப்பி, தேர்வறை மேற்பார்வையும் விழா ஏற்பாடும் அவர் தலையில் சுமத்தினால், ஏட்டில் விதி நிறைவேறும். அழுகின்ற பிள்ளைக்கோ அவர் கிடைக்கமாட்டார்.

நான்கு தேவைகள்

முதலாவது, நேரம். ஒரு சிறுவன் தன் மனச்சுமையை முதல் சந்திப்பிலேயே இறக்கி வைப்பதில்லை. இரண்டு மூன்று முறை வெறும் விளையாட்டுப் பேச்சு பேசிய பின்னரே உண்மை மெல்ல வெளிவரும். ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஒருவர் என்றால் அந்த மூன்றாவது சந்திப்பு நடைபெறாமலே போய்விடும்.

இரண்டாவது, கதவுள்ள ஓர் அறை. பண்டகசாலையின் மூலையிலோ, ஆசிரியர் ஓய்வறையிலோ, அலுவலகத் தாழ்வாரத்திலோ எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

மூன்றாவது, இரகசியம் காக்கும் உரிமை. பிள்ளை கூறியவற்றையெல்லாம் தலைமையாசிரியர் மேசையில் வைக்குமாறு ஆலோசகரைப் பணிப்பது முறையன்று. இதற்கு வரம்பும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெற்றோர்க்கு அறிவித்தே ஆக வேண்டும். பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருப்பது தெரிய வந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். குற்றம் சாட்டப்படுபவர் அதே பள்ளியைச் சேர்ந்தவராக இருந்தால், நாளையே வேலை போகும் நிலையிலுள்ள ஓர் ஆலோசகர் துணிந்து வாய் திறப்பாரா? இவ்விடத்தில் அவருடைய வேலை உறுதி, நம் குழந்தையின் பாதுகாப்பாகவே ஆகிவிடுகிறது.

நான்காவது, நிலையான பணியும் தக்க ஊதியமும். ஆண்டுதோறும் ஆலோசகர் மாறினால், ஒவ்வோராண்டும் பிள்ளை தன் கதையை முதலிலிருந்து புதியவரிடம் கூற வேண்டும். சில பிள்ளைகள் மறுமுறை கூறவேமாட்டார்கள். முதுகலை பயின்று வந்தவருக்குக் காலமுறை ஊதியமும், விடுப்பும், ஐயம் நேரும்போது கலந்து பேச ஒரு மூத்த வல்லுநரின் வழிகாட்டுதலும் தேவை. பிறர் துயரத்தை நாள்தோறும் கேட்பவருக்கும் மனம் களைக்கும் அன்றோ?

பெற்றோரே, நீங்கள் செய்யக்கூடியது

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இக்கேள்விகளைப் பணிவோடு எழுப்புங்கள்: நம் பள்ளி ஆலோசகர் முழு நேரப் பணியாளரா? எத்தனை மாணவர்க்கு ஒருவர்? அவருக்குத் தனியறை உண்டா? வேறு வேலைகள் அவருக்குத் தரப்படுகின்றனவா? எத்தனை ஆண்டுகளாக இங்கே பணியாற்றுகிறார்? நிதி போதவில்லை என்று சிறிய பள்ளி கூறுமானால், அதிலும் நியாயம் இருக்கலாம். அண்மையிலுள்ள இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒருவரை முழு ஊதியத்தில் நியமித்து, நாள்களைப் பகிர்ந்துகொள்வது குறித்துப் பேசிப் பார்க்கலாம். நம் பங்குகளிலுள்ள பள்ளிகளுக்கு இது கைகூடாத காரியமன்று.

அவசர வேளைக்காக ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். வீட்டில் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் அதை எழுதி வையுங்கள். எனினும் நாள்தோறும் அப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, வாடியிருக்கிறதே என்று கவனித்து அழைப்பவர் பள்ளியில் இருப்பவரே. அவருக்கு வேண்டிய நேரத்தையும் இடத்தையும் பணிப் பாதுகாப்பையும் பெற்றுத்தருவது நம் கடமை.