31,325 ரூபாயில் ஐந்து கோடி

ஒரு சிறு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடி பங்குகள். கடைசியாகக் கைமாறிய விலை 50 ரூபாய். திரையில் விற்பவர்கள் வரிசை இப்படி நிற்கிறது: 50 ரூபாய்க்கு 100 பங்கு, 51-க்கு 200, 52.50-க்கு 150, 55-க்கு 300. ஒருவர் விலை குறிப்பிடாமல் 600 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போடுகிறார். கீழ்விலையில் இருந்ததையெல்லாம் வழித்துக்கொண்டு அந்த ஆர்டர் 55-இல் போய் நிற்கும். அவருக்கு ஆன செலவு 31,325 ரூபாய். கம்பெனியின் சந்தை மதிப்போ 50 கோடியிலிருந்து 55 கோடியாகிவிட்டது. தொழிற்சாலையில் ஒரு ஆணிகூடக் கூடுதலாக அடிக்கப்படவில்லை.

ஒரு கோடி பங்கு இருக்க, வரிசையில் ஏன் வெறும் 750? புரமோட்டர் பங்கும், குறிப்பிட்ட காலம்வரை விற்க முடியாத லாக்-இன் பங்கும் போக மிஞ்சுவதுதான் ஃப்ரீ ஃப்ளோட். பொதுமக்களிடம் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. ஆனால் அந்த 25-லும் பெரும்பகுதி, என்றோ வாங்கிவிட்டு விற்கும் எண்ணமே இல்லாதவர்களின் டிமேட் கணக்கில் உறங்கலாம். மிச்சமிருக்கும் சில ஆயிரம் பங்குகள்தான் விலையைத் தீர்மானிக்கின்றன.

எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற கம்பெனி இதன் உச்சம். மொத்தமே 2 லட்சம் பங்குகள், முக்கால்வாசி புரமோட்டர்களிடம். கம்பெனியிடம் ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகள் ஏராளமாக இருந்தும், திரையில் விலை 3.53 ரூபாய்! அந்த விலைக்கு விற்க எவரும் முன்வராததால் பல ஆண்டுகள் வியாபாரமே நடக்கவில்லை. 2024 அக்டோபர் 29 அன்று, மும்பை பங்குச் சந்தையில் விலை வரம்பில்லாத சிறப்பு ஏலத்துக்குப் பின் விலை 2,36,250 ரூபாய். அங்கே ஏற்றத்துக்குப் பின்னால் நிஜச் சொத்து இருந்தது. எல்லாச் சிறு கம்பெனிகளுக்கும் அப்படி இருக்காது.

விலை ஏறும்போது அப்பர் சர்க்யூட், அதாவது அன்றைய உச்ச வரம்பைத் தொட்டு நிற்கும். வாங்க ஆள் உண்டு, விற்க ஆள் இல்லை. இறங்கும்போதுதான் வேதனை. தினமும் 5 சதவீதம் லோயர் சர்க்யூட், வாங்குபவர் பக்கம் காலி. ஆர்டர் போட்டுவிட்டு மாலைவரை காத்திருந்தாலும் ஒரு பங்குகூட நகராது. கையிருப்பின் மதிப்பு கண்ணெதிரே கரையும்.

வாங்குமுன் சந்தையின் தளத்தில் காலாண்டுதோறும் வெளியாகும் பங்குதாரர் பட்டியலைத் திறந்து பாருங்கள். பொதுமக்கள் பிரிவில் 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர்கள் தனியாக இருக்கும். அவர்களின் பங்குகளையும் கழித்துவிட்டு, மிச்சத்தை அன்றாடம் கைமாறும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் அளவை விற்று வெளியேற எத்தனை நாளாகும் என்பது அப்போது தெரியும்.