உங்களுக்குத் தெரியுமா? புதுக்கோட்டையில் ஈழத்தமிழர்

● புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லெணாவிளக்கு, அழியாநிலை ஆகிய ஊர்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன.

● இலங்கையில் 1983இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் உயிர் தப்பிப் படகேறி வந்தவர்களில் பலர், மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு வெவ்வேறு மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள்.

● அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கே இல்லை.

● ஆனாலும், அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்கள் அல்லாதோருக்கும் உண்டு என்று, சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

● முகாம்வாசிகளின் மாத உதவித்தொகையைத் தமிழக அரசு 2021இல் உயர்த்தியது: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 500.

● 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவர் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். அதனால்தான், முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் பலர் இன்னும் அந்நியர் கணக்கிலேயே இருக்கிறார்கள். அடைக்கலம் தந்த நாடு, அவர்களுக்குக் குடியுரிமையும் தர வேண்டும்.