பெயரை எடுத்தால் நிரல் போய்விடுமா?

கடிதம் எழுத, கணக்குப் போட, படம் பார்க்க என்று கணினியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிரல் உண்டு. 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தினால் அவற்றின் பெயர்கள் வரும். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95 இந்தப் பொத்தானைக் கொண்டுவந்தது. நாளாக நாளாகப் பெயர்கள் பெருகும். வேண்டியது கண்ணில் படாது.

பெயரை எடுத்தால் நிரலும் போய்விடுமோ? பலருக்கும் இந்தப் பயம் உண்டு. பெயர்ப் பலகையைக் கழற்றினால் வீடு இடிந்துவிடுமா?

இன்றைய விண்டோஸில், வேண்டாத பெயரின்மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்த வேண்டும். 'அன்பின்' என்று ஒன்று வரும். அன்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! குத்திய ஊசியை எடு என்று பொருள். அதை அழுத்தினால் அங்கிருந்து பெயர் மட்டும் போகும். நிரல் இருக்கும்.

அங்கேயே 'அன்இன்ஸ்டால்' என்றும் இருக்கும். அது வீட்டையே இடிப்பது. அவசரத்தில் கை அதில் பட்டுவிடக் கூடாது.

மிஞ்சிய பெயர்களில் தினமும் வேண்டியதை மவுசால் இழுத்து முன்னால் வைத்துக்கொள்ளலாம்.