அமைவுக் கோப்பைப் படிக்கும் நிரலகம்: ஆக்கமும் பேணலும்

ஒரு பள்ளி நூலகத்திற்குக் கணினி நிரல் ஒன்று எழுதப்படுவதாகக் கொள்வோம். நூலகத்தின் பெயர் என்ன, நூலை எத்தனை நாள்களுக்குக் கடனாகத் தரலாம், பள்ளி எந்த அஞ்சற்குறியீட்டுப் பகுதியில் உள்ளது என்பவை பள்ளிக்குப் பள்ளி மாறுபடும். இவற்றை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், கடன் நாளை 14இலிருந்து 21ஆக மாற்றுவதற்கும் நிரலரையே நாட வேண்டிவரும். ஆகவே இத்தகைய செய்திகளைத் தனியே ஓர் எளிய எழுத்துக் கோப்பில் எழுதிவைப்பது வழக்கம். அதுவே அமைவுக் கோப்பு எனப்படும். அதன் தோற்றம் பின்வருமாறு அமையலாம்:

[நூலகம்]
பெயர் = பள்ளி நூலகம்
கடன்நாள் = 14
அஞ்சற்குறியீடு = 01000

சதுர அடைப்புக்குள் இருப்பது பகுதித் தலைப்பு. சமக்குறிக்கு இடப்புறம் இருப்பது திறவுச்சொல். வலப்புறம் இருப்பது மதிப்பு. இக்கோப்பைப் படித்து, அதன் உறுப்புகளைப் பிரித்து, நிரலுக்கு விளங்கும் வடிவில் தருவதே பகுப்பியின் பணி. ஒவ்வொரு நிரலரும் தமக்கென ஒரு பகுப்பியை எழுத வேண்டியதில்லை. ஒருவர் எழுதிப் பொதுவில் வைத்தால் பிறர் எடுத்தாளலாம். அவ்வாறு எடுத்தாளத்தக்க நிரல் தொகுதியை நிரலகம் என்கிறோம். ஹாஸ்கெல் என்னும் மொழியில் அத்தகைய நிரலகம் எவ்வாறு ஆக்கப்படுகிறது, ஆக்கிய பின் அதைப் பேணுவது ஏன் அரிய பணியாகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

எழுத்து, சொல், பொருள்

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களால் ஆனது என்பதை மாணவர் அறிவர். அதன் பொருளதிகாரம் சொற்பொருளை அன்றி இலக்கியத்தின் பாடுபொருளை ஆராய்வது. எனினும் எழுத்திலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து பொருளுக்கும் ஏறும் அவ்வரிசை, பகுப்பியின் பணியை விளக்கத் துணைசெய்யும். பகுப்பி முதலில் எழுத்துகளைக் காண்கிறது. அவற்றைத் திறவுச்சொல், சமக்குறி, மதிப்பு எனச் சேர்க்கிறது. பின்னர் ‘14’ என்பது ஓர் எண் என்று பொருள் கொள்கிறது.

ஹாஸ்கெல் மொழியின் முதல் வரையறை 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஹாஸ்கெல் கர்ரி என்னும் அமெரிக்க அளவையியல் அறிஞரின் பெயரை அது தாங்கியுள்ளது. அது சார்பு நிரலாக்க மொழி. கணிதத்தில் ஒரு சார்புக்கு ஒரே உள்ளீட்டைத் தந்தால் எப்போதும் ஒரே விடை கிடைப்பதுபோல, இம்மொழியிலும் நிரலின் பெரும்பகுதி அத்தகைய சார்புகளால் கட்டப்படுகிறது.

இம்மொழியில் பகுப்பியும் ஒரு சார்பே. எழுத்துத் தொடரை அதற்குத் தந்தால், படித்த மதிப்பையும் எஞ்சிய தொடரையும் தரும். படிக்க இயலாவிடில் பிழையைத் தரும். ஓர் இலக்கத்தைப் படிக்கும் சிறு பகுப்பியைக் கொண்டு எண்ணைப் படிக்கும் பகுப்பியை ஆக்கலாம். அதைக் கொண்டு ஒரு வரியைப் படிக்கும் பகுப்பியையும், வரிப் பகுப்பியைக் கொண்டு முழுக் கோப்பையும் படிக்கும் பகுப்பியையும் ஆக்கலாம். இம்முறையை நடைமுறைப் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்த நிரலகங்களுள் பார்செக் குறிப்பிடத்தக்கது. இவ்வாறு எழுதப்பட்ட நிரலைப் படிப்பவர்க்கு அது கோப்பின் இலக்கணத்தையே படிப்பதுபோல் தோன்றும்.

எழுதி முடித்த பின்

நிரலகம் நன்கு இயங்குகிறது. அதில் ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை. எனினும் சில ஆண்டுகளில் அது இயங்காமற் போகலாம். நிரலகம் நின்ற இடத்திலேயே நிற்க, அதைத் தாங்கும் மொழி நகர்ந்துவிடுவதே காரணம்.

ஹாஸ்கெல் மொழியின் முதன்மையான தொகுப்பி ஜி.எச்.சி. என்பது. தொகுப்பி என்பது நிரலர் எழுதியதைக் கணினி இயக்கும் வடிவிற்கு மாற்றும் கருவி. பகுப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்க மோனாடு என்னும் பொது ஒழுங்கு ஹாஸ்கெல் மொழியில் பயன்படுகிறது. மோனாடு ஒழுங்கைப் பின்பற்றும் ஒவ்வொன்றும் அப்ளிகேட்டிவ் என்னும் மற்றோர் ஒழுங்கையும் பின்பற்ற வேண்டும் என 2015இல் வந்த 7.10ஆம் பதிப்பு விதித்தது. அதை அறிவிக்காத பழைய நிரலகங்களைத் தொகுப்பி ஏற்க மறுத்தது. 2019இல் வந்த 8.8ஆம் பதிப்பில், தோல்வியை அறிவிக்கும் செயல் மோனாடிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி ஒழுங்காயிற்று. பிழையை அறிவிப்பது பகுப்பியின் அன்றாடப் பணியாதலால், இம்மாற்றம் பகுப்பி நிரலகங்களை நேரடியாகத் தொட்டது.

ஹாஸ்கெல் நிரலகங்களின் பொதுக் களஞ்சியமான ஹேக்கேஜில் பதிப்பெண்ணுக்கும் ஒரு மரபு உண்டு. பயன்படுத்துவோரின் நிரலை முறிக்கக்கூடிய மாற்றம் நேர்ந்தால் பதிப்பெண்ணின் முதல் இரு உறுப்புகளுள் ஒன்று உயர வேண்டும். பழையதை முறிக்காமல் புதியது சேர்ந்தால் மூன்றாம் உறுப்பு உயரும். பதிப்பெண் இவ்வாறு பேணுநர் தரும் ஒரு வாக்குறுதியாகிறது.

இதுகாறும் கண்ட இடர்கள் யாவும் வெளிப்படையானவை. எந்த வரியில் குறை உள்ளது என்று தொகுப்பியே சுட்டிக்காட்டும், பேணுநர் திருத்திவிடலாம். தொகுப்பி காணாத மாற்றமே கடினமானது.

ஒரே வரி, மூன்று பொருள்

மேற்கண்ட கோப்பில் உள்ள 01000 என்பது பெர்லிஸ் மாநிலத்தின் கங்கார் நகருக்குரிய அஞ்சற்குறியீடு. அது கூட்டவோ கழிக்கவோ உரிய எண் அன்று. ஐந்து இலக்கங்களால் ஆன ஒரு பெயர். ஆனால் யாமல் என்னும் அமைவுக் கோப்பு வடிவத்தின் 1.1ஆம் பதிப்பு, சுழியில் தொடங்கும் முழு எண்ணை எட்டடிமான எண்ணாகக் கொள்ளும். அவ்விதிப்படி 01000 என்பது 512 ஆகும். 2009இல் வந்த 1.2ஆம் பதிப்பின் அடிப்படை விதிகளிலோ அது பத்தடிமான எண்ணாகி 1000 ஆகும். கோப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பொருள் மட்டும் இருமுறை மாறிவிட்டது. எழுதியவர் கருதியதோ இவ்விரண்டும் அல்ல.

தொகுப்பி இதைக் காணாது. 512உம் எண், 1000உம் எண். வகையில் பிழை இல்லை. ஆகவே மதிப்பைக் கண்டு அதன் வகையை ஊகிக்கும் பொறுப்பை நிரலகம் ஏற்காதிருப்பது நலம். வலப்புறத்தை எழுத்துத் தொடராகவே வைத்துக்கொண்டு, நிரல் எண்ணாகக் கேட்டால் எண்ணாகவும் பெயராகக் கேட்டால் பெயராகவும் தருவது பாதுகாப்பான வழி. வேண்டும் வகையை நிரலிலேயே தெளிவாகக் குறிக்க ஹாஸ்கெல் இடந்தருவதால், இவ்வழி அதற்கு இயல்பாகப் பொருந்துகிறது.

எது எழுத்து?

தமிழ் கற்பிப்போர்க்கு நேரடியாக உரிய ஓர் இடர் அடுத்து வருகிறது. திறவுச்சொல் என்பது எழுத்துகளாலும் இலக்கங்களாலும் ஆனது என்று பேணுநர் இலக்கணம் வகுக்கிறார். ஹாஸ்கெல் மொழியில், ஒரு குறி எழுத்தா இலக்கமா என்று கண்டறியும் ஆயத்தச் சார்பு உண்டு. அதையே பயன்படுத்துகிறார். மலாயும் ஆங்கிலமும் ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால், அம்மொழிகளில் அமைந்த திறவுச்சொற்கள் தடையின்றிப் படிக்கப்படுகின்றன. சோதனைகள் யாவும் தேறுகின்றன.

தமிழ்த் திறவுச்சொல்லோ முதல் உயிர்மெய்யிலேயே தடுக்கி விழுகிறது. ஒருங்குறியில் ‘பெயர்’ என்பது ஐந்து குறியெண்கள்: ப, எகரக் குறியீடு, ய, ர, புள்ளி. இவற்றுள் ப, ய, ர ஆகியவை எழுத்து என்னும் வகையைச் சேர்ந்தவை. எகரக் குறியீடும் புள்ளியும் எழுத்தோடு சேரும் குறிகள் என்னும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவை எழுத்தல்ல என்றே அச்சார்பு விடையளிக்கும். ஆகவே ‘பல’ என்னும் சொல்லைப் பகுப்பி முழுமையாகப் படிக்கும். ‘பலர்’ என்னும் சொல்லில் புள்ளியை அடைந்ததும் நின்றுவிடும். ‘பெயர்’ என்பதில் பகரத்தோடு திறவுச்சொல் முடிந்துவிட்டதாகக் கருதி, சமக்குறியைத் தேடி, இரண்டாம் இடத்தில் பிழை என அறிவிக்கும். உயிர்மெய்யை ஓர் எழுத்தாகப் பயின்ற மாணவர்க்கு அவ்வறிவிப்பு விளங்காது. அவர் கண்ணுக்கு இரண்டாம் எழுத்து ‘ய’. அதில் பிழை ஏதும் இல்லை.

தீர்வு எளிது. முதற்குறி எழுத்தாக இருக்கட்டும். பின்வருபவை எழுத்தாகவோ சேரும் குறியாகவோ இலக்கமாகவோ இருக்கலாம் என இலக்கணத்தைத் திருத்தினால் போதும்.

அடுத்த இடர் இவ்வளவு எளிதன்று. ‘கொள்ளளவு’ என்பதன் முதலெழுத்தை, ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியீட்டைச் சேர்த்து இரு குறியெண்களாக எழுதலாம். ககரத்தோடு எகரக் குறியீடும் அதன்பின் ஆகாரக் குறியீடும் சேர்த்து மூன்று குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டும் நிகரானவை என்றே ஒருங்குறித் தரம் கூறுகிறது. எனினும் குறியெண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். கோப்பில் ஒரு வடிவமும் நிரலில் மற்றொரு வடிவமும் இருந்தால், கண்ணெதிரே உள்ள திறவுச்சொல்லை ‘இல்லை’ என்று நிரலகம் கூறும்.

இரு வடிவங்களையும் ஒன்றாக்கிவிடலாம். ஆனால் அவ்வாறு செய்தால், இதுவரை இரு தனித் திறவுச்சொற்களாக இருந்தவை ஒன்றாகி, ஒன்றின் மதிப்பு மற்றொன்றை மறைக்கக்கூடும். நிரலகத்தின் எந்தச் சார்பின் வகையும் மாறவில்லை. தொகுப்பியும் தடை சொல்லாது. ஆயினும் கோப்பின் பொருள் மாறுகிறது. நேர்மையான பேணுநர் இதையும் முறிக்கும் மாற்றமாகவே கொண்டு, பதிப்பெண்ணை உயர்த்தி, மாற்றக் குறிப்பில் காரணத்தை எழுதுவார். வடிவத்தைக் காப்பதற்குத் தொகுப்பி இருக்கிறது. பொருளைக் காக்க வேண்டியவர் பேணுநரே.

சோதனையின் எல்லை

பொருளைக் காக்கும் பணியில் பேணுநருக்கு ஒரு துணை உண்டு. 2000ஆம் ஆண்டில் அறிமுகமான குவிக்செக் என்னும் ஹாஸ்கெல் நிரலகம், தனித்தனி எடுத்துக்காட்டுகளுக்கு மாறாகப் பொது விதிகளைச் சோதிக்க உதவுகிறது. ‘எந்த அமைவையும் கோப்பாக எழுதி மீண்டும் படித்தால் அதே அமைவு கிடைக்க வேண்டும்’ என்பது அத்தகைய விதி. குவிக்செக் தானே பல அமைவுகளை எழுந்தமானமாக உருவாக்கி விதியைச் சோதிக்கும். எழுத்துத் தொடராகிய 01000ஐ மேற்கோள் குறியின்றி எழுதி, 512 எனத் திரும்பப் படிக்கும் நிரலகம் இச்சோதனையில் அகப்பட்டுவிடும்.

ஆனால் அமைவுகளை உருவாக்கும் பகுதி ரோமன் எழுத்துகளை மட்டுமே தருமாறு எழுதப்பட்டிருந்தால், ஆயிரம் முறை சோதித்தாலும் ‘பெயர்’ ஒருமுறையும் சோதிக்கப்படாது. சோதனை, தன்னை எழுதியவரின் கண்ணுக்கு எட்டியதையே காணும்.

தமிழறிந்த மாணவரின் பங்கு இங்கே தொடங்குகிறது. பொதுவில் வைக்கப்பட்ட நிரலகங்கள் பலவற்றைத் தன்னார்வலர் ஓரிருவரே பேணிவருகின்றனர். தமிழில் எழுதினால் என்ன நேரும் என்பது அவர்கள் கருத்துக்கு எட்டாமலேயே இருந்திருக்கலாம். ஒரு நிரலகத்தை எடுத்து, பல, பலர், பெயர், இருவகைக் கொகரத்தில் எழுதிய கொள்ளளவு ஆகிய திறவுச்சொற்களைக் கொண்ட சிறு கோப்பை அதற்குத் தந்து பாருங்கள். பிழை நேர்ந்தால், தந்த கோப்பு, எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை ஆகிய மூன்றையும் தெளிவாக எழுதிப் பேணுநருக்கு அனுப்புங்கள். அக்கோப்பு நிரலகத்தின் சோதனைத் தொகுதியில் சேர்ந்துவிட்டால், பின்னாளில் வேறொருவர் பேணுநராக வந்து இலக்கணத்தை மாற்றினாலும், தமிழ்ச் சொல் முறியும்போது சோதனை அவருக்கு அறிவித்துவிடும். எழுத்திலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர், உயிர்மெய்யைப் பிரித்துக் காட்டும் அதே வகுப்பில் இப்பயிற்சியையும் தரலாம்.