கேலன் என்றால் எந்தக் கேலன்?

பிரிட்டனில் பெட்ரோல் லிட்டர் கணக்கில்தான் விற்கிறது. வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டால் மட்டும் கேலனுக்கு நாற்பது மைல், ஐம்பது மைல் என்பார்கள். கிலோவில் உருளைக்கிழங்கு வாங்கி வருகிறவர், தன் எடை பதினொரு ஸ்டோன் என்பார். ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்டு. பீர் குழாயில் வந்தால் பைன்ட், பாட்டிலில் வந்தால் மில்லிலிட்டர். ரயில் பாதையில் ஒரு பாலம் எங்கே இருக்கிறது என்பதை இன்றும் மைலும் செயினுமாகத்தான் குறித்து வைக்கிறார்கள். மெட்ரிக் முறைக்கு மாறும் வேலையை அந்த நாடு தொடங்கிய ஆண்டு 1965!

12 அங்குலம் ஓர் அடி, 3 அடி ஒரு கஜம், 1,760 கஜம் ஒரு மைல். இதென்ன கணக்கு என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு தொழில் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில், கணிதம் தெரிந்த பாதிரியார் ஒருவர் நிலம் அளக்க 66 அடிச் சங்கிலி செய்தார்; மேலே சொன்ன செயின் இதுதான். அதில் நூறு கண்ணிகள். பத்து சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் கொண்ட நிலம் சரியாக ஓர் ஏக்கர். கிரிக்கெட் பிட்சின் 22 கஜமும் இதே சங்கிலி நீளம்தான். நம் பத்திரங்களில் ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று வருகிறதே, 66-ஐ 660-ஆல் பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள்; அந்தப் புள்ளி ஆறு வந்துவிடும்.

மைலின் கதை இன்னும் ருசி. ரோமானியர் வழியில் வந்த மைல் 5,000 அடி. நிலமோ ஃபர்லாங்கில் அளக்கப்பட்டிருந்தது. எட்டு ஃபர்லாங் ஒரு மைல் என்று 1593-ல் சட்டம் போட்டபோது, ஃபர்லாங்கைத் தொடாமல் மைலை 5,280 அடியாக நீட்டிவிட்டார்கள். ஊரார் நிலக்கணக்கில் கைவைக்க எந்த அரசுக்குத்தான் துணிச்சல் வரும்?

வாய்பாடு எத்தனை கோணலாக இருந்தாலும் மனப்பாடம் செய்தால் தீர்ந்தது. எதைப் படித்தும் தீராதது, ஒரே பெயரை வேறு வேறு அளவுக்கு வைத்திருந்ததுதான். ஆளை நிறுக்க ஸ்டோன் என்றால் 14 பவுண்டு. லண்டன் இறைச்சிச் சந்தையில் அது 8 பவுண்டு. கண்ணாடி வியாபாரத்தில் 5. ஒயின் கேலன் 231 கன அங்குலம், பீர் கேலன் 282, தானியத்துக்கு இன்னொரு கேலன்.

பவுண்டும் அப்படித்தான். தங்கத்துக்கு உரிய டிராய் பவுண்டில் 12 அவுன்ஸ், சுமார் 373 கிராம். மற்ற சரக்குக்கான பவுண்டில் 16 அவுன்ஸ், சுமார் 454 கிராம். ஆக, ஒரு பவுண்டு இறகு ஒரு பவுண்டு தங்கத்தைவிடக் கனம். அவுன்ஸ் என்று கேட்டாலோ தங்கம்தான் கனம்: டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், மற்றது 28.35. சர்வதேசச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் இத்தனை டாலர் என்று செய்தியில் கேட்டதும் 28-ஆல் வகுத்து நம் பவுன் விலையோடு ஒப்பிட்டுப் பதறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பவுனும் பிரிட்டிஷ் தங்க நாணயமான சாவரினின் எடைதான், 7.988 கிராமை நாம் எட்டாக்கிக்கொண்டோம். இலங்கையில் ஒரு றாத்தல், அதாவது ஒரு பவுண்டு, பாண் என்று கேட்டால் 450 கிராம் ரொட்டி. பழைய பவுண்டில் நாலு கிராம் மெட்ரிக்குக்குப் போய்விட்டது.

சீர்திருத்தாமலும் இல்லை. பத்து பவுண்டு தண்ணீர் கொள்வதே ஒரு கேலன் என்று 1824-ல் சட்டம் வந்து பழைய கேலன்களுக்கு முடிவு கட்டியது. அதற்குள் அமெரிக்கா பிரிந்துபோய் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அவர்கள் பழைய ஒயின் கேலனையே வைத்துக்கொண்டார்கள். இன்று பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785. லண்டன் பைன்ட் 568 மில்லி, நியூயார்க் பைன்ட் 473. டன்னும் பிரிட்டனில் 2,240 பவுண்டு, அமெரிக்காவில் 2,000.

அதே சட்டத்தில் ஒரு முன்யோசனை. கஜத்தின் மூல அளவுகோல் தொலைந்தால், விநாடிக்கு ஓர் ஆட்டம் ஆடும் ஊசலின் நீளத்திலிருந்து மறுபடி செய்துகொள்ளலாம் என்றது. பத்தே ஆண்டில் தொலைந்தது. கருவூலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்த வெட்டுக்குறிக் குச்சிகளை, 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றத்தின் அடித்தள உலையில் போட்டு எரித்தார்கள். கட்டடத்துக்கே தீ பிடித்து, உள்ளே இருந்த மூல கஜமும் மூல பவுண்டும் நாசமாயின. ஊசலும் கைகொடுக்கவில்லை, அந்த முறையில் பிழைகள் இருந்தன. பழைய நகல்களைத் தேடிப் பிடித்துப் புதிய கஜம் செய்து சட்டமாக்க 1855 வரை ஆனது.

பழைய அளவுகள் எங்கள் பண்பாடு, அவற்றால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கும் பிரிட்டிஷ்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாசம் புரிகிறது. எனக்குப் பயம், இந்த எண்கள் பெயரை உதறிவிட்டு ஊர் சுற்றுவதில்தான். 1983 ஜூலையில் கனடாவில் ஒரு போயிங் 767-க்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. எரிபொருள் காட்டி வேலை செய்யவில்லை. கையால் போட்ட கணக்கில் லிட்டரை எடையாக்க 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்தினார்கள். அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பது. கிலோவில் கணக்கிட 0.8-க்கு அருகிலான எண் வந்திருக்க வேண்டும். தேவையில் பாதிகூட இல்லாமல் கிளம்பிய விமானம் 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீர்ந்தது. இன்ஜின் இல்லாமலே மிதந்து வந்து, கார் பந்தயத் திடலாகியிருந்த பழைய விமானத் தளம் ஒன்றில் இறங்கியது. உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். 1999-ல் செவ்வாய்க்குப் போன விண்கலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு மென்பொருள் உந்துவிசையைப் பவுண்டில் எழுதியது, இன்னொன்று அதை நியூட்டன் என்று படித்தது. நாலரை மடங்கு வித்தியாசம். கலம் போயே போய்விட்டது.

விமானமும் விண்கலமும் பெரிய இடத்துச் சமாசாரம். குழந்தைகளுக்குப் பல மருந்துகளை எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரனுக்குக் காய்ச்சல். எடை 33 என்கிறாள் தாய். 33 பவுண்டு 15 கிலோ. கேட்பவர் கிலோ என்று எடுத்துக்கொண்டால் மருந்து இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டுக்கு வாங்கும் டிஜிட்டல் எடைக்கருவிகள் பலவற்றின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது: கிலோ, பவுண்டு, ஸ்டோன். துடைக்கும்போது அதில் விரல் பட்டாலும் எண் மாறிவிடும். ஸ்டோனுக்கு மாறினால் யாரும் சந்தேகப்படுவார்கள். பவுண்டுக்கு மாறினால், எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாகத் தெரிகிற அந்த இரண்டு எழுத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?